கயாவில் விட்ட வீடு

கயாவுக்குப் போகிறவர்கள் அங்கே ஆலமரத்தடியில் தமக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு கனியையும் விட்டுவிட்டு வர வேண்டும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதை நாக்கில் வைக்கக் கூடாது என்பது வழக்கம். பிடிக்காததாகப் பார்த்து விட்டுவிட்டு வருவது உடன்குடிக்காரர்களின் சாமர்த்தியம். பாகற்காயை விட்டவர்கள் உண்டு, சுரைக்காயை விட்டவர்கள் உண்டு, ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காத ஏதோ ஒரு மலைப்பழத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் அதை விட்டுவிட்டு வந்து, தியாகி மாதிரி தெருவில் நடந்தவர்களும் உண்டு. மரமும் இத்தனை காலமாக ஒன்றும் சொன்னதில்லை. வாங்குகிறவன் வாயைத் திறக்காத வியாபாரத்தில் விற்கிறவன் சொத்தையைத்தான் தள்ளிவிடுவான், அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது.

பாத்திரக்காரி தங்கபுஷ்பம் ஒருத்திதான் நல்ல சரக்கைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதுவும் அவள்! பழைய சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவிக்கொண்டு தலையில் கூடையோடு ஊர் ஊராக நடந்தவள், நாய்க்கடி வாங்கினவள், வெயிலில் சுருண்டு விழுந்தவள், கிழிசலை உள்பக்கம் மடித்துக் கொடுத்துப் பட்டுச்சேலை என்று சத்தியம் பண்ணின மகராசிகளிடமெல்லாம் படித்துப் படித்து, பிறகு அவர்களுக்கே பாடம் நடத்தினவள். சேலையை விரலால் நிமிண்டிப் பார்த்தே அது எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, எத்தனை சண்டையில் கசங்கியது என்று சொல்லிவிடுவாள். கோபம் வந்தால் கையில் இருக்கிற தாம்பாளம் பறக்கும். அப்படிச் சேர்த்த காசில்தான் கடைத்தெருவில் பாத்திரக் கடையும் வடக்குத் தெருவில் வீடும் வந்தன.

வீட்டைக் கட்டியது அவள் புருஷன் அய்யாக்குட்டி. ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்த கொத்தனார் தன் வீட்டுக்கு ஒரு சித்தாளைக்கூடச் சேர்க்கவில்லை. அவள் கூடையிலிருந்து காசு வரவர ஒரு வரி செங்கல், காசு நின்றால் வேலை நிறுத்தம், மறுபடி காசு, மறுபடி ஒரு வரி என்று வருஷக்கணக்கில் வளர்ந்த வீடு அது. சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றித் தன் காலாலேயே குழைத்துப் பூசினார். மழைக்காலத்தில் சுவரோரம் நின்றால் பாகு காய்ச்சுகிற வாசம் லேசாக வரும். கட்டி முடித்த நாளிலிருந்து அய்யாக்குட்டி அந்த வீட்டை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. பஸ்ஸில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும் என்பது ஒரு காரணம், "வீட்ட யாரு பாக்கது?" என்பது மற்றக் காரணங்கள் எல்லாமும்.

ஆகவே வடக்குத் தெருப் பெண்கள் சமையல்காரரையும் அப்பளக் கட்டையும் கூட்டிக்கொண்டு காசி, கயா என்று டூர் கிளம்பியபோது தங்கபுஷ்பம் தனியாகத்தான் போனாள். கூடப் போனவர்களில் பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மைனியும் உண்டு. மைனிக்கும் இவளுக்கும் முருங்கைமரக் கொப்பு எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதில் ஓயாத வழக்கு.

கயாவில் மரத்தடிக்குப் போவதற்கு முன்னால் தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போன் போட்டாள். ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று காசியிலிருந்தே அவள் தொண்டையில் நின்றது. நேராகச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சுற்றி வளைத்தாள்.

"ஏங்க, வீடு எப்படி இருக்கு?"

அய்யாக்குட்டிக்கு அன்று சோறு குழைந்துபோயிருந்தது, வயிறு காந்தியது. "வீட்டுக்கென்ன? அது இருந்த எடத்துல இருக்கு. நீ எங்க இருந்த எடத்துல இருந்த? கூடையத் தூக்குன நாள்லருந்து தெருவுலதான கெடந்த? உனக்கு வீடு எதுக்குளா, ஒரு லாட்ஜு போதாதா?"

போனை அணைத்தாள். அந்த முகத்தோடுதான் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். தென்னாட்டு ஆட்களோடு பேசிப் பேசித் தமிழையும் வெற்றிலையையும் ஒன்றாகச் சேர்த்து மெல்லுகிற பண்டா, அந்த ஊர்ப் புரோகிதர், ஒருவர் அங்கே வரிசையாக எல்லோரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். செல்லக்கனி மைனி கோவைக்காயை விட்டாள். அடுத்து இவள்.

"பேர் சொல்லு, ஊர் சொல்லு, என்ன விடுது சொல்லு."

"பேரு தங்கபுஷ்பம். ஊரு உடன்குடி. வடக்குத் தெருவுல அய்யாக்குட்டி கொத்தனார் தன் கையால கட்டுன வீடு, அத விட்டேன். எடுத்துக்கிடச் சொல்லு உன் மரத்த!"

பெண்கள் சிரித்தார்கள். பண்டா மந்திரத்தைச் சொல்லித் தண்ணீரை வார்த்தார். மரம் கேட்டுக்கொண்டது.

திருநெல்வேலி வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். உடன்குடி பஸ் ஸ்டாண்டில் செல்லக்கனி மைனி இறங்கினாள், பின்னாலேயே தங்கபுஷ்பமும் காலைக் கீழே வைத்தாள். மைனியின் காலில் பட்டது உடன்குடிப் புழுதி, இவள் காலில் பட்டது ஜோத்பூர்ப் புழுதி. மைனி திரும்பிப் பார்த்தபோது படிக்கட்டு காலியாக இருந்தது. தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தபோது ஓர் ஒட்டகம் அவள் பையை மோந்துகொண்டிருந்தது. ஒட்டகத்தை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, வடக்கே வந்த பெண்பிள்ளை வழி தவறினால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள்: டீ குடித்தாள், ஸ்டேஷனைக் கேட்டாள், மறுபடியும் ஊருக்கு வண்டி ஏறினாள். இந்தத் தடவை கால் பட்டது கௌகாத்தி.

ஊர் முதலில் தப்பாகத்தான் பேசியது, அது ஊரின் சுபாவம். பிறகு பயந்தது. பிறகு வைத்தியம் பார்க்கக் கிளம்பியது. செல்லக்கனியின் புருஷனும் கொழுந்தனும் போய் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பார்த்தால் இருவர் கையும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. அடுத்த முறை அவள் இடுப்பில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முடிச்சு அவிழாமல் ஊர் வந்து சேர்ந்தது, முடிச்சுக்குள் அவள் இல்லை. கண்ணைக் கட்டிக் கல்யாணக் காரில் ஏற்றிப் பார்த்தார்கள், நோயாளி மாதிரி ஆம்புலன்ஸில் படுக்கவைத்துப் பார்த்தார்கள், பின்பக்கமாக நடக்கவைத்துப் பார்த்தார்கள், மணப்பாட்டுக் கடலோரம் வள்ளத்தில் கொண்டுவந்து இறக்கிப் பார்த்தார்கள். வள்ளத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் குதித்தவள் கரையேறியது பினாங்கில். அங்கே பாஸ்போர்ட் கேட்ட அதிகாரியிடம், "நானாவா வந்தேன்? கடலு கொண்டாந்து விட்டுருக்கு, கடல்கிட்டப் போயிக் கேளு" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் தன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளுக்கு நாற்காலி போட்டார்.

பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. மழை வருவது மாதிரி, மின்சாரம் போவது மாதிரி, தங்கபுஷ்பம் வீடு வராமல் இருப்பதும் ஊரில் நடக்கிற ஒரு காரியம் ஆகிவிட்டது. எதிலும் ஒரு லாபம் இருக்கும் என்று நம்புகிற ஊர் அது. "அக்கா, எப்படியும் எங்கயாவது போய் எறங்கத்தான போறிய, மீரட் பக்கம் போனா பையனுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை" என்று ஒருத்தி, "காஷ்மீர்ல எறங்குனா குங்குமப்பூ, மருமக உண்டாயிருக்கா" என்று ஒருத்தி, அம்மா அஸ்தியைக் கலசத்தில் கட்டிப் பக்கத்து ஊர்வரை கொண்டுவந்து கொடுத்து "எந்த ஆறா இருந்தாலும் பரவாயில்லக்கா, தண்ணி ஓடுனாப் போதும்" என்று ஒருத்தன். அவளும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள். பிழைப்புக்கு அவள் யாரிடமும் கை நீட்டவில்லை. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குகிற ஆசை இல்லாத ஊர் பூமியில் கிடையாது. ஜெய்ப்பூர் ரஜாய்ப் போர்வையைக் கொடுத்து மொராதாபாத் பித்தளைத் தட்டு, தட்டைக் கொடுத்துக் காட்மாண்டுக் கம்பளி, கம்பளியைக் கொடுத்து ரங்கூன் அரக்குப் பெட்டி என்று உள்ளங்கையும் விரல்களும் மட்டுமே பேசுகிற பாஷையில் அவள் பேரம் பேசினாள். எல்லா நாட்டு வியாபாரிகளும் கடைசியில் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள்.

எல்லாச் சுற்றும் கடைசியில் பரமன்குறிச்சியில் வந்து முடியும். உடன்குடிக்கு முந்தின ஊர் அது. அங்கே அவள் கால் ஒழுங்காகத் தரையில் பட்டது. "உடன்குடிக்கு டிக்கெட் கேக்காதீங்கக்கா, பரமன்குறிச்சியோட எறங்கிக்கிடுங்க" என்று கண்டக்டர்கள் கெஞ்சுவார்கள். அவள் இருந்த சீட்டு ஒவ்வொரு தடவையும் காலியாகிப்போவதில் செக்கிங் வந்தால் அவர்களுக்குத்தான் தலைவலி. பரமன்குறிச்சியில் இறங்கி, சாலைத் திருப்பத்தில் நின்று பார்த்தால் பனைகளுக்கு மேலே உடன்குடியின் செல்போன் கோபுரம் தெரியும். கோபுரத்துக்கு அந்தப் பக்கம் வடக்குத் தெரு. நடந்தே போய்விடலாம் என்று எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள், கோபுரத்தின் மேல் கண்ணை வைத்தபடியே நடந்திருக்கிறாள், ஊர் எல்லையில் ஓர் எட்டு வைத்ததும் கோபுரம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு மலை நிற்கும்.

பரமன்குறிச்சிக்கு அய்யாக்குட்டி சைக்கிளில் வருவார். டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து தூக்குவாளியில் அவர் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் புருஷன் பெண்டாட்டியும் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிடுகிறார்கள். மழை உண்டா, விலைவாசி என்ன என்று அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு டீக்கடைக்காரருக்கே வருத்தமாக இருந்தது. அவர்தான், பின்பக்கம் தனக்கு இரண்டு ரூம் காலியாகக் கிடக்கிறது என்று அவள் காதில் போட்டார்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்று அன்று அவள் ஆரம்பித்தாள். "இங்கனயே இருந்திருவோம். ரெண்டு ரூமு இருக்காம். நான் பேசுனா பாதி வாடகைக்கு முடிப்பேன்."

அய்யாக்குட்டி சூரியனைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும், கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் வந்திருந்தார். "நான் மண்ணு குழைக்காத சுவத்துக்குள்ள எனக்கு மூச்சு முட்டும்."

"அப்ப எனக்கு?"

"உனக்கென்ன? நீ எல்லா ஊர்லயும் ஒறங்குதவ."

தங்கபுஷ்பம் எழுந்துவிட்டாள். "அந்தச் சுவத்தையே கட்டிக்கிட்டுக் கெடங்க! அதுக்கே பொங்கிப் போடுங்க, அதுக்கே மல்லிகைப்பூ வாங்கி வைங்க!" அந்த நேரம் பார்த்து உடன்குடி பஸ் வந்தது. கண்டக்டர் இரண்டு கையையும் விரித்து மறித்தும் கேளாமல், புருஷன் கண்முன்னாலேயே ஏறி உட்கார்ந்தாள். அய்யாக்குட்டி சைக்கிளை மிதித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் வந்தார், வயசான கால்கள் எவ்வளவு மிதிக்குமோ அவ்வளவு மிதித்தார். அவர் பஸ் ஸ்டாண்டு வந்து சேர்ந்தபோது கண்டக்டர் காலி சீட்டைக் காட்டினார். அவள் அப்போது கோகிமாவில், பனிச்சாரலில், எவனோ ஒருவனைக் குடை கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவள் பரமன்குறிச்சிப் பக்கமே வரவில்லை. பார்க்க வேண்டும் என்று எல்லோரும் ஏங்கிக் கிடக்கிற இடங்களை அவள் பார்த்தாள். பனி உருகி ஆறாகிற இடத்தைப் பார்த்தாள், மணல் பாட்டுப் பாடுகிற இடத்தைப் பார்த்தாள், பொன்முலாம் பூசின கோபுரங்கள் சாயங்கால வெயிலில் பற்றி எரிகிற மாதிரி நிற்கிற இடத்தைப் பார்த்தாள், நல்ல இடம்தான், யார் இல்லையென்றது. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் கூட்டம் விலகின பிறகு அவள் ஒரு காரியம் செய்வாள்: ஏதாவது ஒரு வீட்டுச் சுவரோரம் போய் நின்று மோந்து பார்ப்பாள். அரண்மனைச் சுவர் வௌவால் நாறியது. லடாக்கில் சுவர் வைக்கோலாக மணத்தது, பினாங்கில் மீனெண்ணெயாக. வீட்டுக்காரர்கள் வெளியே வந்து என்ன வேண்டும் என்று அவரவர் பாஷையில் கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு நடப்பாள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவளை அவளுக்கு ஆயுசில் பிடித்ததில்லை, இப்போது அவளே அப்படி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒருநாள், கொடுத்த இடத்திலேயே கேட்டுப் பார்ப்போம் என்று கயாவுக்குப் போனாள். ஒரு கூடை நிறையக் கத்தரிக்காய், மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம் எல்லாவற்றையும் மரத்தடியில் கடை பரப்பினாள். அதே பண்டாதான், அதே வெற்றிலை.

"என்ன தாயி, திரும்ப வந்துது?"

"கொடுத்த சாமானத் திருப்பி வாங்க வந்திருக்கேன். எங்கடையில ஓட்டப் பாத்திரம்னு கொண்டாந்தா மாத்திக் குடுப்பேன், தெரியுமா? இந்தா, இம்புட்டையும் விடுதேன். மாம்பழம் எனக்கு உசுரு. பத்தாதுன்னா நெய்மீனையும் சேத்துக்கிடு. வீட்டக் குடுத்துரு."

பண்டா சாவகாசமாகத் துப்பிவிட்டு வந்தார். "இந்த மரத்துக்கு ரொம்ப நாளா பசி, தாயி. உங்க ஊர் ஆள் வருது, பாகல்காய் கொடுக்குது, சுரைக்காய் கொடுக்குது. மரத்துக்குத் தெரியாதா? போனா ஆள் அழணும், அந்தப் பொருள்தான் மரத்துக்குச் சாப்பாடு. நீ ஒருத்திதான் கொடுத்துது. அதை மரம் விடுமா?"

"நான் கோவத்துல சொன்னது!"

"கோவத்துல எல்லாரும் சொல்லுது. ஒருத்தன் பொண்டாட்டி விட்டேன் சொல்லுது. ஒருத்தி மாமியார் விட்டேன் சொல்லுது. எல்லாம் பத்திரமா வீட்டுல இருக்குது. மரம் தொடல."

தங்கபுஷ்பம் பரப்பின கடைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்தாள். ஒரு முந்தானையின் ஓரத்தைத் தொட்டே முழுச் சேலையின் விலையைச் சொன்னவளுக்குத் தன்னிடம் இருந்த சரக்கின் மதிப்பை இன்னொருவன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பக்கத்தில் கத்தரிக்காய் ஒன்றை மேய வந்த ஆட்டை விரட்டினாள். பிறகு புருஷனுக்குப் போன் போட்டு, பண்டா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கேக்கியளா?"

"கேக்கேன்."

"எந்த லாட்ஜுலயும் நான் ஒறங்குனதில்ல. கூடை தூக்குன காலத்துலயும் இல்ல, டூர் வந்தப்பவும் இல்ல. செவுத்துப் பக்கம் திரும்பி மூக்க ஒட்டி வச்சிக்கிட்டுச் சும்மா கெடப்பேன். அத ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் அன்னைக்குப் போன் போட்டேன். அதுக்குள்ள நீங்க வாயத் தொறந்திய."

அய்யாக்குட்டி கேட்டார்: "மரத்துக்கிட்ட என்ன சொன்ன? ஒரு சொல்லு விடாமச் சொல்லு."

"வடக்குத் தெருவுல அய்யாக்குட்டி கொத்தனார் தன் கையால கட்டுன வீடு, அத விட்டேன்னு சொன்னேன்."

"மனையையும் விட்டியா?"

"மனைய எதுக்கு விடுதேன்? வீட்டத்தான் விட்டேன்."

"சரி. போன வையி. நான் சொல்லுத வரைக்கும் வண்டி ஏறாத. அங்கனயே இரி."

இருந்தாள். இருந்த இடத்தில் இருப்பது எப்படி என்று அந்த வயசில்தான் பழகினாள். மரத்தடியில் வருகிற தமிழ்ப் பெண்களிடம், "ஏட்டி, பாகற்காயா விடுத? வெக்கமா இல்ல?" என்று சண்டை போட்டாள், உடனே அவர்கள் உண்மையாகவே பிடித்த எதையாவது விடப்போனால் பதறிப்போய் வாயைப் பொத்தினாள். புருஷனுக்குப் போன் போட்டால் பின்னால் தொம்தொம் என்று கேட்டது.

"என்ன சத்தம்?"

"வேலை நடக்கு."

"எங்க?"

"ஒரு எடத்துல." அவருக்கு மூச்சு வாங்கியது.

கொத்தனார் இருக்கிற இடத்தில் சத்தம் கேட்பது ஓர் அதிசயமா. ஆனால் செல்லக்கனி மைனிக்குப் போட்டால், ஊர் வம்பைக் கேட்காமலேயே அரை நாள் பேசுகிறவள், "அடுப்புல சோறு பொங்குது" என்று வைத்துவிட்டாள். அந்த நேரத்துக்கு எந்த வீட்டிலும் சோறு பொங்குவதில்லை. அவருக்கு உடம்புக்கு ஏதாவதோ? ஆனாலும் ஏறாதே என்று சொல்லியிருக்கிறார். முதல்தடவையாக அவர் சொன்னதைக் கேட்டாள்.

ஒருநாள் அவரே கூப்பிட்டார். குரல் கரகரத்துக் கிடந்தது. "வண்டி ஏறி வா."

"பரமன்குறிச்சிக்கா?"

"ஊருக்கு."

பரமன்குறிச்சி தாண்டும்போது கண்டக்டர் அவளைத் தடுக்கவில்லை, எழுந்து நிற்கவும் சொல்லவில்லை, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். உடன்குடியில் பஸ் நின்றது. கடைசி ஆளும் இறங்கின பிறகு தங்கபுஷ்பம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலைக் கீழே வைத்தாள். சூடான புழுதி. எங்கேயும் புழுதி சூடாகத்தான் இருக்கும். காது கொடுத்தாள். "ஏல, வண்டிய ஓரமா விடுல!" என்று யாரோ யாரையோ ஏசினான். உலகத்தில் அப்படி ஏச ஒரே ஊரால்தான் முடியும்.

கண்ணைத் திறந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஊர் திரண்டு நின்றது. கிரிக்கெட் மட்டைக்காரி நின்றாள், குங்குமப்பூக்காரி கையில் பேரப்பிள்ளையோடு நின்றாள், அஸ்தி கொடுத்தவன் நின்றான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கேலி பேசவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆச்சரியத்தில் வாயடைத்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் நடந்தாள், நடை ஓட்டமாகியது, கடைத்தெரு போனது, கோயில் போனது, வடக்குத் தெரு முனை திரும்பியது, செல்லக்கனி வீட்டு முருங்கைமரம் தெரிந்தது, மரத்துக்கு அந்தப் பக்கம், எது தெரிய வேண்டுமோ அது இருந்த இடத்தில், ஆகாயம் தெரிந்தது.

வெறும் மனை. நாலு மூங்கில் ஊன்றி ஊர்க்காரர்கள் கட்டிக் கொடுத்த தார்ப்பாய். அதன் கீழே மூன்று கல் வைத்த அடுப்பு, பக்கத்தில் தலைமயிரிலும் இமையிலும் சுண்ணாம்புத் தூசியோடு அய்யாக்குட்டி. உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. கட்டினபோது எப்படி ஒரு சித்தாளைச் சேர்க்கவில்லையோ, இடித்தபோதும் அப்படியே யாரையும் சேர்க்கவில்லை. ஊரே வந்து கடப்பாரையைப் பிடுங்கப் பார்த்ததாகவும் மனுஷன் யாரையும் கிட்ட விடவில்லை என்றும் செல்லக்கனி மைனி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

தங்கபுஷ்பம் மனையின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். வாயைத் திறந்தபோது வேறு என்ன வரும் அவளுக்கு?

"செங்கல்லு எங்க?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன்."

"என்னத்துக்குக் குடுத்திய?"

"சும்மாதான்."

"சும்மாவா? பழைய செங்கல்லுக்கு இப்ப என்ன கிராக்கி தெரியுமா ஒங்களுக்கு? கதவு, சன்னல், அம்புட்டு பனஞ்சட்டமும் சும்மாவா போச்சு? நான் வார வரைக்கும் பொறுத்தா என்ன, தலையா போயிரும்?" தெருவே கேட்கக் கத்தினாள்.

"நீ வரணும்னுதானளா குடுத்தேன்" என்றார் அய்யாக்குட்டி. "இங்கன குமிச்சு வச்சிருந்தா, அதுவும் வீடுதான்னு மரம் நெனச்சிட்டுன்னா?"

அதற்கப்புறம் அவள் கத்தவில்லை. உள்ளே வந்தாள். உள்ளே என்று சொல்வதற்கு அங்கே இருந்தது வெயிலும் நிழலும்தான். அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கையைப் பிரித்துப் பார்த்து, மறுபடியும் துணியைச் சுற்றினாள்.

"மொதல்ல எத இடிச்சிய?"

"அடுக்களைய" என்றார். "அதக் கடைசிக்குன்னு விட்டிருந்தா கை வந்திருக்காது."

அடுப்பில் உலை இன்னும் கொதிக்கவில்லை. அய்யாக்குட்டி ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு இழுக்க ஆரம்பித்தார், வேலைக்காரன் கை சும்மா இருக்காது. "மழைக்கு முந்தி அஸ்திவாரம் போட்டுரலாம். பழைய மாதிரியே கட்டல. வாசலத் தெக்கால வச்சிருதேன், அடுக்களைய இங்கிட்டு..."

தங்கபுஷ்பம் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம்."

"வேற மாதிரிதானளா கட்டுதேன்."

"எப்படிக் கட்டுனாலும் அது அய்யாக்குட்டி கொத்தனார் தன் கையால கட்டுன வீடுதான?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தரையில் இழுத்த கோட்டைப் பார்த்தார். தார்ப்பாய் காற்றில் ஒருதரம் உப்பித் தணிந்தது.

"அப்ப நான் நமக்கு ஒரு சுவரு வைக்கக் கூடாதா?"

"ஊருக்குக் கட்டுங்க" என்றாள். "நமக்கு வேற எவனாவது கட்டட்டும். கோணலாத்தான் கட்டுவான். நான் நின்னு திட்டிக்கிடுதேன். நீங்க பாக்காதிய."

அய்யாக்குட்டி தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் போட்ட கோட்டை அவள் உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள், ஒரு விரற்கடை மிச்சமில்லாமல், மண்ணோடு மண்ணாகும் வரைக்கும். பிறகு அவர் கையிலிருந்த குச்சியை வாங்கி, முறித்து, அடுப்புக்குள் வைத்து ஊதினாள். பற்றிக்கொண்டது. உலை பொங்க அது போதுமாக இருந்தது.